வத்தல் அறையில் படித்த பனிக்கதை

மழை பிடித்ததிலிருந்து நம் பழைய வகுப்பு வாட்ஸப் குழுவில் ஆளாளுக்குப் படம் போடுகிறீர்கள். போர்வை, ஆவி பறக்கும் டீ, மடியில் தடித்த நாவல். ஒருத்தி, பனி கொட்டுகிற அட்டைப்படம் ஒன்றைக் காட்டி 'இந்தக் குளிருக்கு இதுதான் பொருத்தம்' என்று எழுதியிருக்கிறாள். ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு குளிர் என்று சொல்ல நமக்கு வெட்கமே கிடையாது. மின்விசிறியை இரண்டில் வைத்தாலே சால்வை தேடுகிற வயது வந்துவிட்டது, வேறென்ன. "நீ ஒண்ணும் போடலையா, நீதானே எந்நேரமும் புத்தகமும் கையுமா இருப்பே" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். போடுகிறேன். ஆனால் என்னுடையது படமாகப் போடக்கூடியது இல்லை. படித்து முடித்த பிறகு யாரும் கைகூப்பும் பொம்மையை அனுப்ப வேண்டாம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கி இரண்டு கண்மாய்க் கரை நடந்தால் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. மழைக்காக ஏங்கியே பழகிய எங்களுக்கு அந்த வருடம் கார்த்திகையில் பிடித்த மழை மார்கழியிலும் விடவில்லை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகி, பெஞ்சுக்கு மேலேயே தண்ணீர் சொட்டியதில் லீவு விட்டார்கள். உங்களுக்கும் நினைவிருக்கும். லீவு விட்ட அன்று நம் தமிழ் டீச்சர் என்னை மட்டும் கூப்பிட்டு ஒரு புத்தகம் கொடுத்தார். நீங்கள் எல்லோரும் பொறாமையாகப் பார்த்தீர்கள். எனக்கு அதில் தனிப் பெருமை.

பனி நாட்டுக் கதை, தமிழில் மொழிபெயர்த்தது. கெட்டி அட்டை, வழவழப்புக் காகிதம், நடுநடுவே கறுப்பு மையில் வரைந்த படங்கள். மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெயும் பசையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அதை நான் படித்தது எங்கள் வத்தல் அறையில். விலை ஏறட்டும் என்று அய்யா வைத்திருந்த போன வருடத்து மிளகாய் வத்தல், சாக்குச் சாக்காக அங்கே அடுக்கியிருந்தது. வீட்டில் ஒழுகாத இடமும் வாடைக்காற்று நுழையாத இடமும் அது ஒன்றுதான். சாக்கில் சாய்ந்தால் முதுகுக்குக் கதகதப்பாக இருக்கும். பக்கத்துக்கு ஒரு தும்மல் வரும், அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருப்பாள். அய்யாவின் கடைசித் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்து மூன்றோ நான்கோ. கல்யாணமாகி மூன்றாவது மாதம் அவள் புருஷன் வேலை தேடி பம்பாய்க்குப் போனார். ஒரு கடிதம் வந்தது. பிறகு நாலு வருடமாக ஒன்றுமில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கதை என்றால் உயிர். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. சாணி அள்ளுவது, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுவது, தண்ணீர் எடுப்பது என்று என் பங்கு வேலையை எல்லாம் அவள் செய்வாள். நான் அவளுக்குக் கதை வாசிப்பேன். மழையில் நனைந்து வேலை பார்த்தவள் அவள், காய்ந்த இடத்தில் உட்கார்ந்து வாய் வலித்தவள் நான். அதை நியாயமான பேரம் என்றே நான் நினைத்தேன்.

பழைய மண்சட்டியில் அடுப்புக் கங்கை அள்ளிப் போட்டுக்கொண்டு, மடியில் அவித்த பனங்கிழங்கோடு வந்து உட்காருவாள். நார் உரித்து, நடுக்குருத்தை எனக்குத் தருவாள்.

"பனின்னா வெடியக்காலம் புல்லுல நிக்கிதே, அதானே தாயி?"

"இல்ல அத்தை. இது முழங்கால் அளவுக்குக் கெடக்கும். ஊரே வெள்ளையா இருக்கும்."

"உப்பு மாதிரியா?"

அவள் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கடற்கரைப் பக்கம் உப்பளத்தைப் பார்த்திருக்கிறாள். உப்பு மாதிரிதான் என்றேன். அன்றிலிருந்து அந்த நாடு முழுவதும் அவளுக்கு உப்பளமாகிவிட்டது. குதிரை இழுக்கும் சக்கரமில்லாத வண்டியும் உப்பின் மேலேதான் ஓடியது. இன்னொன்றும் கேட்டாள்.

"அங்கன உள்ளவுக எல்லாரும் வாத்தியார் மாதிரியே பேசுறாக. சண்ட போடையில கூடவா இப்பிடிப் பேசுவாக?"

மொழிபெயர்ப்புத் தமிழைப் பற்றி அதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

கதை இதுதான். ஒருத்தியின் புருஷன் தூரதேசம் போய்விடுகிறான். குளிர்காலம் முழுவதும் அவள் ஜன்னலில் விளக்கு ஏற்றி வைத்துக் காத்திருக்கிறாள். அந்தப் பக்கம் தபால் கொண்டுவரும் வண்டிக்காரன் ஒருவன், ஒவ்வொரு வாரமும் 'உனக்குக் கடிதம் இல்லை' என்று சொல்ல வருகிறான். சொல்லிச் சொல்லி அவனுக்கே மனசு கேட்கவில்லை. 'என்னோடு வந்துவிடுகிறாயா' என்று ஒருநாள் கேட்கிறான். அந்த இடம் வந்ததிலிருந்து அத்தை பனங்கிழங்கை உரித்து உரித்துக் கையிலேயே வைத்திருப்பாள். தின்ன மாட்டாள்.

காரணம் இருந்தது. அதே மார்கழியில் அவளையும் ஒருவர் கேட்டிருந்தார்.

கடலாடிக்குத் தெற்கே உப்பளத்தில் மேஸ்திரி வேலை. மனைவி இறந்து இரண்டு வருடம், ஒரு சின்னப் பிள்ளை. எங்கள் ஆட்களில் இதற்கு வழி உண்டு. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி, ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் பழைய தாலி தீர்ந்தது. பிறகு அந்தப் பெண் வேறு ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கட்டினவன் இல்லாவிட்டால் அவன் அண்ணன் கிள்ளிப் போடுவான். அந்த வீட்டிலும் 'பாவம், எத்தனை நாளைக்கு' என்று சம்மதித்துவிட்டார்கள். அத்தை தலையை ஆட்டினால் போதும். தை பிறப்பதற்குள் சொல் என்று அய்யா கெடு வைத்திருந்தார்.

அவர் ஒரே ஒருநாள் வந்தார், மழை சற்று வெறித்த ஒரு முற்பகலில், சைக்கிளில். கால் முழுவதும் உப்பு அரித்த வெடிப்பு. அய்யா டீக்குச் சொல்லிவிட்டு உள்ளே போன நேரத்தில் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் படம் பார்த்தார். "இது நம்ம உப்பளம் மாதிரில்ல இருக்கு" என்றார். கதவுக்குப் பின்னால் அத்தை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இல்லை அது. அந்தச் சிரிப்பை அதுவரை நான் மட்டும்தான் கேட்டிருந்தேன். புத்தகத்தை அவர் கையிலிருந்து வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அவர் சைக்கிள் கேரியரில் பச்சைத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன மெத்தை ஒன்று கட்டியிருந்தது. கேலியாகத்தான் கேட்டேன், இது எதற்கு என்று. "பின்னாடி ஒக்கார்றவகளுக்குக் கம்பி உறுத்துமுல்ல" என்றார். டீ குடித்த டம்ளரை எடுக்க வந்த சாக்கில் அத்தை சைக்கிளைத் தாண்டிப் போனாள். போகும்போது அந்த மெத்தையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அம்மா அந்த வரனுக்கு ஒற்றைக்காலில் நின்றாள். "போ மதினி, போயிப் பொழைச்சுக்க. இங்கன கெடந்து எங்களுக்கு வத்தல் கிள்ளவா பொறந்த" என்று தினமும் சொல்வாள். நாத்தனாரைத் துரத்தப் பார்க்கிறாள் என்று நான் அம்மாவை வெறுத்தேன். அய்யா எதுவும் சொல்லாததைப் பாசம் என்று நினைத்தேன். இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொண்டேன் என்று தெரிய எனக்கு நெடுநாள் ஆனது.

அத்தைக்கு மனம் ஊசலாடியது. இந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஊரில் அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, வயசுக்கு வராத பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். சின்னப்பிள்ளை கைக்குச் சூது தெரியாது என்பது கணக்கு. ஆனால் கோயில் பாதையில் மறுகால் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. பூசாரி அக்கரையில். தைக்கு இன்னும் நாலே நாள்.

"கோயிலு என்னத்துக்கு, புத்தகந்தேன் இருக்கே" என்றாள் அத்தை. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். "அந்தப் புள்ள வண்டிக்காரன்கூடப் போயிட்டான்னா எனக்கு வெள்ளப்பூ. புருசங்காரன் திரும்பி வந்துட்டான்னா செவப்பு. நீயும் வயசுக்கு வராத புள்ளதான. நீ வாசிக்கிறதுதேன் பொட்டலம்."

"சும்மா சொல்றியா அத்தை?"

"சாமி சத்தியமா. கதையோட கடைசிய நாளைக்கு வாசி. நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வாரேன்."

மறுநாள் காலையில் மிளகாய்ப் பாத்தியில் தண்ணீர் தேங்கிவிட்டது என்று அத்தை மண்வெட்டியோடு வடிகால் வெட்டப் போனாள். நான் கங்குச் சட்டியோடு வத்தல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி அத்தியாயத்தைத் தனியாகப் படித்தேன். அவள் விளக்கை அணைத்துவிடுகிறாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வருகிறாள். வண்டிக்காரன் ஒன்றும் பேசாமல் ஓரமாக நகர்ந்து, கம்பளியில் அவளுக்கு இடம் விட்டு உட்காருகிறான். அவள் ஏறிக்கொள்கிறாள். அதற்கு எதிர்ப்பக்கம் முழுப்பக்கப் படம். பனிவெளியில் வண்டி, ஒரே கம்பளிக்குள் இரண்டு பேர், முதுகு மட்டும் தெரிகிறது.

வெள்ளைப் பூ. சந்தேகத்துக்கே இடமில்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதை உள்ளபடியே சொல்கிறேன். அவள் போய்விட்டால் யார் எனக்குச் சாணி அள்ளுவார்கள் என்று நினைத்தேன். யார் நடுக்குருத்து தருவார்கள், யார் பக்கத்தில் படுப்பார்கள், நான் வாசித்தால் யார் வாயைப் பிளந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். அவளைப் பற்றி ஒன்றுகூட நினைக்கவில்லை. பிள்ளைப்பிராயம், அறியாத வயசு என்று நீங்கள் எழுதுவீர்கள். பொய் சொல்ல அறிந்திருந்தேனே.

எழுத்தை மாற்றிச் சொல்லிவிடலாம், அவளுக்குத் தெரியாது. படத்தை என்ன செய்வது? படம் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் கடைசிப் படத்தை வாங்கிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். கடைசி இரண்டு தாள்களைக் கிழித்துக் கங்குச் சட்டியில் போட்டேன். வழவழப்புக் காகிதம் லேசில் எரியவில்லை. சுருண்டு, புகைந்து, ஒரு கெட்ட நாற்றம் வந்தது. வெளியே அத்தை கால் கழுவும் சத்தம் கேட்டது. நாற்றத்தை மறைக்க, சாக்கிலிருந்து ஒரு கை வத்தலை அள்ளிச் சட்டியில் போட்டேன்.

வத்தல் நெடி என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுப்படியில் அம்மா இருமினாள், தொழுவத்தில் மாடு தும்மியது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னாடி செஞ்ச?"

"வத்தல் தவறி விழுந்திருச்சு அத்தை."

தண்ணீர் தெளித்துச் சட்டியை அணைத்தாள். கதவைத் திறந்து வைத்தாள். தலைக்கு ஊற்றி, உலர்ந்த சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு என் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கோயிலில் உட்காருவது அப்படித்தான்.

"வாசி" என்றாள்.

பழைய அத்தியாயம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டேன். கட்டுரை நோட்டில் டீச்சரிடம் பத்துக்கு ஒன்பது வாங்குகிறவள் நான். அந்தப் புத்தகத் தமிழ் எனக்கு வாயில் தங்குதடையில்லாமல் வந்தது. "கதவு தட்டப்படும் ஓசை கேட்டது. அவள் விளக்குடன் விரைந்து சென்று திறந்தாள். தாடியெல்லாம் பனி படிந்து, அங்கே அவள் கணவன் நின்றிருந்தான். 'நீ காத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்' என்றான் அவன்." தாடியில் பனியை நானாகத்தான் சேர்த்தேன். அதைச் சேர்த்ததும் எனக்கே அது நிஜம் போலிருந்தது. இன்னும் அடங்காத வத்தல் நெடியில் என் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள்.

"அழுவாத தாயி. அவன்தேன் வந்துட்டான்ல" என்றாள்.

சிறிது நேரம் சாக்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் அய்யாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அய்யா அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். "எந்தங்கச்சி மானஸ்தி. கட்டுனவன் வருவான்னு இருக்கா" என்பார். அம்மா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. தொழுவத்தில் நின்று அவள் அழுததை நான் பார்த்தேன், திட்டம் பலிக்காத ஆத்திரம் என்று முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் கடைசித் தாள்களை எலி கடித்துவிட்டது என்று டீச்சரிடம் சொன்னேன். அவரும் நம்பினார். நல்லவர்களை ஏமாற்றுவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

உப்பளத்துக்காரர் இன்னொரு வருடம் பார்த்துவிட்டு சாயல்குடிப் பக்கம் பெண் எடுத்தார். அந்தச் செய்தி வந்தபோது அத்தை முற்றத்தில் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளிக்கொண்டே இருந்தாள். பம்பாய்க்குப் போனவர் வரவே இல்லை. அங்கே அவருக்குக் குடும்பம் இருப்பதாகப் பல வருடம் கழித்து யாரோ சொன்னார்கள். அப்போது அத்தைக்கு முடி நரைக்கத் தொடங்கியிருந்தது.

என் தலைப்பிரசவத்துக்கு வந்தவள் என் மகள் நடக்கிற வரை இருந்தாள். நான் வேலைக்குப் போக, என் இரண்டு பிள்ளைகளையும் தோளில் போட்டு வளர்த்தவள் அவள்தான். என் பொய்யின் பலனை நாற்பத்தைந்து வருடம் நான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். இனிமேல் சொல்லி அவளுக்கு என்ன லாபம் என்று நியாயம் பேசிக்கொண்டேன். சொல்லாததில் யாருக்கு லாபம் என்பது எனக்குத் தெரியாமலா?

போன மாதம் என் மகள், நான் எப்போதோ சொன்ன அடையாளத்தை வைத்து அந்தப் புத்தகத்தைப் போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். யாரோ புண்ணியவான் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஏற்றி வைத்திருக்கிறார். கடைசி அத்தியாயத்தை மட்டும் கடையில் அச்செடுத்துக்கொண்டு, போன வாரம் மழையோடு மழையாக ஊருக்குப் போனேன். அங்கே இப்போது என் தம்பி குடும்பம் இருக்கிறது. வத்தல் அறையில் டைல்ஸ் ஒட்டி, அத்தைக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து பார்வை நன்றாக இருக்கிறது. சால்வையைப் போர்த்திக்கொண்டு பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நடுக்குருத்தை ஒடித்து என்னிடம் நீட்டினாள். எனக்கு அறுபது நெருங்குகிறது.

"அத்தை, அந்தப் பனிக்கதை ஞாபகம் இருக்கா? அன்னைக்குக் கடைசிய நான் மாத்தி வாசிச்சுட்டேன். நீ போயிருவன்னு."

அவள் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"இப்பச் சரியா வாசி" என்றாள்.

வாசித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடிந்ததும் கையை நீட்டிப் படத்தை வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப, அன்னைக்கு எனக்கு வெள்ளப்பூதேன் வந்திருக்கு."

அவ்வளவுதான். ஏன்டி என்று கேட்கவில்லை. கேட்பாள், திட்டுவாள், இரண்டு அறை கொடுப்பாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அதையாவது கொடுத்திருக்கலாம்.

"எடம் விட்டு ஒக்காந்தான்னு வந்துச்சே. அத மட்டும் இன்னொரு வாட்டி வாசி."

வாசித்தேன்.

"அவுக கேரியர்ல மெத்த தச்சு வச்சிருந்தாக" என்றாள், படத்தைப் பார்த்துக்கொண்டே. அத்தனை வருடத்தில் அவரைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "உனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது.

"இருக்கு அத்தை."

"என்ன கலரு?"

"பச்சை."

"ஆமா, பச்சதேன்" என்றாள். "எனக்கு நானா நெனச்சுக்கிட்டேனோன்னு இருந்துச்சு." காகிதத்தை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மறுபடியும் கிழங்கை எடுத்து நார் உரிக்கத் தொடங்கினாள்.